குற்றவாளிக் கூண்டில் குடும்பமா?

ஒரு குற்றம் நிகழ்ந்துவிட்டால் குற்றவாளியைத் தேடுவதற்கு முன்பே அவனைப் பெற்றவளைத் தேடுவது நம்மவர் வழக்கமாகிவிட்டது. "வளர்ப்புச் சரியில்லை" என்று இரண்டே சொற்களில் தீர்ப்பெழுதிவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். ஆலய மண்டபத்திலும், திருமண விருந்திலும், ஆசிரியர் ஓய்வறையிலும், ஏன், இலக்கியக் கூட்டங்களிலுங்கூட இத்தீர்ப்பு நாள்தோறும் வழங்கப்படுகிறது. இதனை எதிர்த்து மேல்முறையீடு செய்ய அந்தத் தாய்க்கு வழியில்லை. அவள் சார்பில் செய்யப்படும் மேல்முறையீடாக இக்கட்டுரையை எழுதுகிறேன். எழுத எனக்கென்ன தகுதி என்று கேட்டால், அத்தீர்ப்பை நானும் ஒருமுறை வழங்கியவன் என்பதே என் தகுதி.

சில ஆண்டுகளுக்கு முன்னர் ஒருநாள் காலையில் நாளிதழைப் புரட்டிக்கொண்டிருந்த நண்பர் ஒருவர், இயங்கலை மோசடித் தொடர்பில் கைதாகிய இளைஞர்களைப் பற்றிய செய்தியைப் படித்துக்காட்டினார். "நம் பிள்ளைகளும் இருக்கிறார்கள்" என்றார். "எல்லாம் வளர்ப்புச் சரியில்லாததால் வருவது" என்று சொல்லிவிட்டு நான் தேநீரைக் குடித்து முடித்தேன். மறுவாரம் மாலையில் ஒரு பெண்மணி என் வீட்டு வாசலில் வந்து நின்றார். கைதானவர்களுள் ஒருவனின் தாய் அவர். அந்தப் பிள்ளை தொடக்கப்பள்ளியில் 3 ஆண்டுகள் என்னிடம் தமிழ் கற்றவன், அழகாக எழுதுவான். இப்போது அவனுக்கு வயது 19. அறிமுகமானவன் ஒருவன் கொடுத்த 500 வெள்ளிக்காகத் தன் வங்கி அட்டையையும் இரகசிய எண்ணையும் அவனிடம் ஒப்படைத்திருக்கிறான். அந்தக் கணக்கின் வழியே யாரோ ஒரு முதியவரின் சேமிப்பு சென்று மறைந்திருக்கிறது.

அந்த அம்மையார் அழவில்லை. என்னைக் குறை கூறவுமில்லை. ஒன்று மட்டும் சொன்னார்: "கார்ட அடுத்தவங்ககிட்ட குடுக்கிறது குத்தம்னு எனக்கே தெரியாது சார். தெரிஞ்சிருந்தா அவன்கிட்ட சொல்லாமலா இருந்திருப்பேன்?"

அவ்வினாவுக்கு அன்று என்னால் விடை கூற இயலவில்லை. வளர்ப்புச் சரியில்லை என்று நான் சொன்ன குடும்பம், தனக்குத் தெரிந்த எல்லாவற்றையும் அப்பிள்ளைக்குச் சொல்லித்தான் வளர்த்திருந்தது. திருடாதே, பொய் சொல்லாதே, பெரியவரை மதி என்று சொல்லியிருந்தது. வங்கி அட்டையை இரவல் கொடுக்காதே என்று சொல்ல அதற்குத் தெரியவில்லை. தெரியாத ஒன்றைச் சொல்லாதது எப்படி வளர்ப்பின் குறையாகும்?

தீர்ப்பில் உள்ள பாதி உண்மை

குடும்பத்துக்கும் பிள்ளையின் போக்குக்கும் தொடர்பே இல்லை என்று வாதிடுவது என் நோக்கமன்று. அத்தொடர்பை ஆராய்ந்தவர்கள் பலர். அமெரிக்கச் சமூகவியலாளர் டிராவிஸ் ஹிர்ஷி 1969இல் வெளியிட்ட நூலில், மனிதனைக் குற்றத்திலிருந்து தடுத்து நிறுத்துவன சமூகத்தோடு அவனுக்குள்ள பிணைப்புகளே என்று கூறினார். அவற்றுள் தலையாயது பெற்றோரிடம் உள்ள பற்று. பெற்றோர் எப்போதும் அருகில் இருந்து காவல் காப்பது முக்கியமன்று. தவறு செய்யும் வாய்ப்பு வரும் கணத்தில் பெற்றோரின் முகம் பிள்ளையின் மனத்தில் தோன்றுகிறதா என்பதே முக்கியம் என்பது அவர் கருத்து. ஆசிரியராக இருந்தவன் என்ற முறையில் இதனை நான் முழுமனத்தோடு ஒப்புக்கொள்கிறேன்.

ஆனால் ஈண்டு ஒன்றை எண்ணிப் பார்க்கவேண்டும். மிட்டாய்க் கடையில் கைவைக்கும் பிள்ளைக்குத் தாயின் முகம் தோன்றும். ஏனெனில் அது திருட்டு என்பது தாய்க்கும் தெரியும், தனக்கும் தெரியும், கடைக்காரருக்கும் தெரியும். கைப்பேசியில் வந்த ஓர் அழைப்பை நம்பி அட்டையைக் கொடுக்கும் பிள்ளைக்குத் தாயின் முகம் தோன்றினாலும், அந்த முகம் 'வேண்டாம்' என்று தலையசைக்காது. அதற்குத் தெரியாது. இயங்கலைக் குற்றத்தைப் பழைய குற்றங்களிலிருந்து வேறுபடுத்துவது இதுதான். பிள்ளை நள்ளிரவில் வெளியே போகவில்லை, தீய நண்பர்களோடு தெருமுனையில் நிற்கவில்லை, குடிக்கவில்லை. வீட்டிலேயே, தாயின் அடுத்த அறையிலேயே இருக்கிறான். நல்ல பிள்ளைக்கு நம் குடும்பங்கள் வைத்திருக்கும் அடையாளங்கள் அத்தனையும் அவனிடம் இருக்கின்றன. அப்படியிருக்க, எந்த அடையாளத்தைக் கொண்டு அவள் கண்டுபிடிப்பாள்?

நல்ல குடும்பத்துப் பிள்ளைகள்

'வளர்ப்புச் சரியில்லை' என்போர் தம் வாதத்தின் மறுபாதியைச் சொல்வதில்லை. நல்ல குடும்பத்துப் பிள்ளை இத்தகைய செயலில் இறங்கமாட்டான் என்பதே அம்மறுபாதி. இது உண்மையா?

1988 நவம்பர் 2ஆம் நாள், இணையத்தில் அந்நாளில் இணைந்திருந்த கணினிகளுள் சுமார் பத்தில் ஒரு பங்கைத் தாக்கியதாக மதிப்பிடப்பட்ட நிரல் ஒன்று அமெரிக்காவில் பரவியது. அதனை எழுதி அனுப்பியவர் ராபர்ட் டாப்பன் மோரிஸ். கோர்னெல் பல்கலைக்கழகத்தின் பட்டமேற்படிப்பு மாணவர். அவர் தந்தை யார் தெரியுமா? அமெரிக்கத் தேசியப் பாதுகாப்பு முகமையின் கணினிப் பாதுகாப்பு மையத்தில் தலைமை அறிவியலாளராக இருந்தவர். கணினிகளைக் காப்பதையே தொழிலாகக் கொண்டவரின் வீட்டிலிருந்து இச்செயல் வந்தது. மோரிஸ் யாருடைய பணத்தையும் திருடவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். எனினும் சட்டத்தின் முன் அது குற்றமே. 1990இல் அவருக்கு 3 ஆண்டு நன்னடத்தைக் கண்காணிப்பும், 400 மணி நேரச் சமூகச் சேவையும், 10,050 டாலர் அபராதமும் விதிக்கப்பட்டன. சிறைக்கு அவர் செல்லவில்லை. பின்னாளில் அமெரிக்காவின் புகழ்மிக்க மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தில் பேராசிரியரானார்.

இது தனியொருவரின் கதை என்று ஒதுக்கவும் முடியாது. பிரிட்டனின் தேசியக் குற்றத் தடுப்பு முகமை, இளையோர் கணினிக் குற்றத்தில் இறங்கும் வழிகளைப் பற்றி 2017இல் ஓர் அறிக்கை வெளியிட்டது. அம்முகமையின் கணினிக் குற்ற விசாரணைகளில் 2015இல் சிக்கியவர்களின் சராசரி வயது 17. பணம் அவர்களுக்கு முதன்மை நோக்கமாக இருக்கவில்லை. அரியதைச் செய்து காட்டும் ஆவலும், இணையத் தோழர்களிடையே பெயர்பெறும் ஆசையுமே அவர்களை இழுத்தன. இவ்வழியில் செல்வதற்குத் தனியறையும் நல்ல கணினியும் நிறைய ஓய்வு நேரமும் வேண்டும். இவை வறிய வீட்டில் கிடைக்கும் பொருள்களல்ல.

ஆகவே, என் கருத்தை இங்கே வெளிப்படையாகச் சொல்லிவிடுகிறேன். இயங்கலைக் குற்றத்தில் இறங்குவது யார் என்பதைக் குடும்பப் பின்னணி மட்டும் தீர்மானிப்பதில்லை. இறங்கியவனுக்கு அக்குற்றத்தில் எந்த இடம் கிடைக்கும், பிடிபட்டபின் அவனால் எழ முடியுமா என்னும் இரண்டையுமே அது பெரும்பாலும் தீர்மானிக்கிறது. வசதியான வீட்டுப் பிள்ளைக்கு மூளை வேலை கிடைக்கிறது. வறிய வீட்டுப் பிள்ளைக்குச் சுமை தூக்கும் வேலை கிடைக்கிறது. ஒருவன் தடுமாறினால் தாங்க ஆளுண்டு. மற்றவன் தடுமாறினால் தரைதான் உண்டு.

கழுதையின் முதுகு

நம் நாட்டில் நடக்கும் மோசடியின் அமைப்பைப் பாருங்கள். காவல்துறை அதிகாரி என்றும், நீதிமன்ற ஊழியர் என்றும், வங்கி அலுவலர் என்றும் நடித்துத் தொலைபேசியில் மிரட்டிப் பணம் பறிப்பதை 'மக்காவ் மோசடி' என்கிறோம். இது ஒருவனால் நடப்பதன்று. என்ன பேசவேண்டும் என்று எழுதித் தருபவன் ஒருவன், பேசுபவன் மற்றொருவன், கணக்குகளைத் திரட்டித் தருபவன் இன்னொருவன், பணத்தை இயந்திரத்திலிருந்து எடுப்பவன் வேறொருவன். பறிக்கப்பட்ட பணம் ஒரு கணக்கில் விழுந்த சில நிமிடங்களில் இரண்டாம் கணக்குக்கும் மூன்றாம் கணக்குக்கும் தாவிவிடுகிறது. இத்தனை பேருள் தன் உண்மைப் பெயரோடும் அடையாள அட்டை எண்ணோடும் ஏட்டில் நிற்பவன் ஒருவனே. அவன்தான் கணக்குக்கு உரியவன்.

மலாய்மொழியில் இத்தகைய கணக்கை 'அக்காவுன் கெல்டாய்' என்கிறார்கள். கழுதைக் கணக்கு என்பது பொருள். எத்தனை பொருத்தமான பெயர்! பொதியில் இருப்பது பொன்னா மண்ணா என்று கழுதைக்குத் தெரியாது. பொதியின் பயன் அதற்குக் கிடைப்பதுமில்லை. அடி மட்டும் அதற்கே. பணத்தை இழந்தவர் புகார் செய்யும்போது அவரிடம் இருக்கும் ஒரே தடயம் கணக்கு எண்தான். எனவே காவல்துறை முதலில் வந்து நிற்பது அந்த அடுக்குமாடி வீட்டின் கதவருகேதான். வலையின் மறுமுனையில் இருப்பவன் வேறொரு நாட்டில் வேறொரு பெயரில் இருக்கிறான்.

சட்டமும் இப்போது இறுகியிருக்கிறது. ஏமாற்றுக் குற்றத்துக்கான 420ஆம் பிரிவின்கீழ் ஓராண்டு முதல் 10 ஆண்டு வரை சிறையும் பிரம்படியும் உண்டு என்பது பழைய செய்தி. 2024இல் தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டு, தன் வங்கிக் கணக்கையோ அட்டையையோ முறையின்றிப் பிறர் பயன்படுத்தக் கொடுப்பதே தனிக்குற்றம் ஆக்கப்பட்டுவிட்டது. 'எனக்கு ஒன்றும் தெரியாது' என்னும் வாதம் இனி எளிதில் நிற்காது. 18 வயது நிறையாதவனைச் சிறார் என்று 2001ஆம் ஆண்டுச் சிறார் சட்டம் காக்கிறது. எஸ்.பி.எம். தேர்வு எழுதிவிட்டு முடிவுக்குக் காத்திருக்கும் பிள்ளையோ அந்த வயதைத் தாண்டும் தறுவாயில் இருக்கிறான். பள்ளியின் காவலும் முடிந்து, சட்டத்தின் சலுகையும் முடிந்து, வேலையும் கிடைக்காத அந்தச் சில மாதங்களே வலைவீசுவோர் காத்திருக்கும் காலம்.

வீட்டுக்குள் நடப்பது என்ன?

அப்படியானால் வறிய வீட்டின் எந்த நிலைமை பிள்ளையை அந்தச் சுமைதூக்கும் இடத்தில் கொண்டு நிறுத்துகிறது? 'வறுமை' என்று பொதுவாகச் சொல்லி நகர்ந்துவிடாமல், நான் பல வீடுகளில் கண்ட மூன்றினைச் சொல்கிறேன்.

முதலாவது, கடன். வங்கி கடன் கொடுக்காத குடும்பம் ஆலோங் எனப்படும் வட்டி முதலையிடம் போகிறது. தவணை தவறினால் கதவில் சிவப்புச் சாயம் வீசப்படுகிறது. அந்தச் சாயத்தை இரவோடு இரவாகத் துடைக்கும் தாய்க்கு வாளியில் நீர் கொண்டுவந்து கொடுத்த பிள்ளையிடம், 'ஓர் அட்டைக்கு ஐந்நூறு வெள்ளி' என்று ஒருவன் சொல்கிறான். பேராசை பிடித்தவனுக்கு விரிக்கப்பட்ட வலையன்று அது. வீட்டின் மீது பற்றுள்ளவனுக்கு விரிக்கப்பட்ட வலை.

இரண்டாவது, தலைகீழாகிவிட்ட அதிகாரம். வீட்டில் கைப்பேசியை முழுமையாகக் கையாளத் தெரிந்தவன் பிள்ளை ஒருவனே. மின்கட்டணம் கட்டுவது அவன். அரசு உதவித்தொகைக்கு விண்ணப்பிப்பது அவன். தந்தையின் ஊழியர் சேமநிதியில் எவ்வளவு இருக்கிறது என்று பார்த்துச் சொல்வதும் அவன். பத்து வயதிலேயே அவன் அவ்வீட்டின் எழுத்தர் ஆகிவிடுகிறான். எழுத்தரைக் கேள்வி கேட்கும் அறிவு முதலாளிக்கு இல்லாதபோது அவ்வீட்டில் யார் யாரைக் கண்காணிப்பது? 'பிள்ளைகளின் கைப்பேசியைக் கண்காணியுங்கள்' என்று மேடைதோறும் பெற்றோருக்கு அறிவுரை கூறுகிறோமே, கண்காணிக்கச் சொல்வதற்கு முன் அதனைத் திறக்கவாவது கற்றுக்கொடுத்தோமா?

மூன்றாவது, பேசாமை. வேலைக்குப் போகாத பிள்ளை பணம் கொண்டுவந்து கொடுக்கிறான். எங்கிருந்து வந்தது என்று வீடு கேட்பதில்லை. அந்த அம்மையாரும் கேட்கவில்லை. பகுதிநேர வேலை என்று அவன் சொன்னதை நம்பியிருக்கிறார். நம்பாமல் இருந்தால் துண்டிக்கப்படவிருந்த மின்சாரத்தை எதைக்கொண்டு காப்பது? இந்தக் குறை வீட்டின் குறையே; நான் மறைக்கவில்லை. ஆயினும் இப்பேசாமைக்கு இன்னொரு பக்கமும் உண்டு. கணக்கில் ஏதோ தவறு நடக்கிறது என்று பிள்ளைக்குப் பின்னர் ஐயம் எழுந்தபோது, அதனை வீட்டில் சொல்ல அவன் அஞ்சினான். சொன்னால் முதலில் அடி விழும், பிறகு அழுகை கேட்கும், அதன்பின் உறவினர் வாயில் விழவேண்டும். மானத்துக்கு அஞ்சும் வீட்டில்தான் உண்மை வெளியே வரத் தாமதமாகிறது.

தோட்டப்புற வாழ்வில் இப்படியா இருந்தது என்று முதியவர்கள் கேட்பார்கள். லயன் வீடுகளில் ஒரு பிள்ளை புதுச்சட்டை போட்டால் பணம் எங்கிருந்து வந்தது என்று வரிசை முழுவதும் விசாரிக்கும் என்பது உண்மையே. அதற்காகத் தோட்டத்தைச் சொர்க்கமாக்கிப் பேச நான் வரவில்லை. கள்ளுக்கடையும் அங்கேதான் இருந்தது, கங்காணியின் பிரம்பும் அங்கேதான் இருந்தது. ஆனால் ரப்பர்த் தோட்டங்கள் செம்பனையாகவும் வீடமைப்புப் பகுதிகளாகவும் மாறியபோது, மக்கள் மட்டும் அடுக்குமாடிகளுக்குப் பெயர்க்கப்பட்டார்கள். ஒருவர் பிள்ளையை மற்றவர் விசாரிக்கும் உறவு பெயர்த்து வைக்கப்படவில்லை. லயத்து வரிசை முழுவதும் சேர்ந்து செய்த வேலையை இன்று இரவுநேரத் துப்புரவுப் பணிக்குப் போகும் ஒரு பெண் தனியாகச் செய்யவேண்டும் என்று எதிர்பார்க்கிறோம். செய்ய இயலாதபோது 'வளர்ப்பு' என்கிறோம்.

தாயின் பசியும் நம் பாடமும்

குற்றம் செய்யும் இளைஞர்கள் தம் மனத்துக்குத் தாமே கூறிக்கொள்ளும் சமாதானங்களைச் சைக்ஸ், மாட்ஸா என்னும் இரு சமூகவியலாளர்கள் 1957இல் ஐந்தாக வகுத்துக் காட்டினர். அவற்றுள் ஒன்று, 'எனக்கு நெருக்கமானவர்களுக்காகவே செய்தேன்' என்பது. நம் பிள்ளைகளிடம் நான் கேட்ட சமாதானமும் இதுவே. 'வீட்டுக்காகச் செய்தேன்' என்பான். அவன் பொய் சொல்லவில்லை.

இந்தச் சமாதானத்தை வள்ளுவர் அறியாதவரா? பெற்ற தாய் பசித்திருக்கக் கண்டாலும் சான்றோர் பழிக்கும் செயலைச் செய்யலாகாது என்று வினைத்தூய்மை அதிகாரத்தில் அவர் சொல்லியிருக்கிறாரே! அக்குறளைத் தமிழாசிரியர் அனைவரும் அறிவோம். பொருள் எழுதச் சொல்கிறோம், மதிப்பெண் இடுகிறோம். ஆனால் அக்குறள் நின்றிருக்கும் இடத்தை நாம் கவனிப்பதில்லை. அது அமைச்சியலில் நிற்கிறது. அதிகாரமும் ஊதியமும் அரசனின் ஆதரவும் உடைய அமைச்சனுக்கு முதலில் சொல்லப்பட்ட கட்டளை அது. அதனை வேலையற்ற 18 வயதுப் பிள்ளைக்கும் நாம் சொல்கிறோம். சொல்லத்தான் வேண்டும், அறம் எல்லார்க்கும் பொது. ஆயின், தாயின் பசியைக் கண்டும் தவறு செய்யாதே என்று சொல்லும் சமூகம், அத்தாயின் பசிக்குத் தான் என்ன செய்யப்போகிறது என்பதையும் சேர்த்துச் சொல்லக் கடமைப்பட்டிருக்கிறது. வகுப்பறையில் கையுயர்த்தி, 'ஐயா, அப்படியானால் அம்மா பசிக்கு என்ன செய்வது?' என்று ஒரு மாணவன் கேட்டால் நம்மிடம் விடை இருக்கிறதா?

விடையில்லாத இடத்தில்தான் ஏமாற்றுக்காரன் விடையோடு வருகிறான். வெளிநாட்டில் வேலை, கைநிறையச் சம்பளம், கல்வித் தகுதி வேண்டா என்கிறான். 2022 முதல் அந்த வார்த்தைகளை நம்பிக் கம்போடியாவுக்கும் மியன்மாருக்கும் சென்று அடைபட்டு, மீட்கப்பட்டுத் திரும்பிய மலேசியர் பலர். அங்கே அவர்களுக்குக் கிடைத்தது முள்வேலிக்குள் இருந்துகொண்டு ஊராரை ஏமாற்றும் வேலை. மியன்மாரில் குறைந்தது 120,000 பேரும் கம்போடியாவில் சுமார் 100,000 பேரும் இவ்வாறு வற்புறுத்தப்பட்டு இயங்கலை மோசடியில் ஈடுபடுத்தப்பட்டிருக்கலாம் என்று ஐக்கிய நாடுகளின் மனித உரிமை அலுவலகம் 2023 ஆகஸ்டில் வெளியிட்ட அறிக்கை மதிப்பிட்டது. குற்றவாளி யார், பறிகொடுத்தவர் யார் என்று கோடு கிழிக்க முடியாத இடம் அது.

வறுமை மன்னிப்பாகுமா?

'ஏழை என்பதற்காகக் குற்றத்தை மன்னித்துவிடலாமா? அதே அடுக்குமாடியில், அதே வறுமையில், நேர்மையாக வாழும் பிள்ளைகள் இல்லையா?' என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்விதான். அத்தகைய பிள்ளைகள்தாம் பெரும்பாலோர். நான் குறிப்பிட்ட அதே வீட்டில் அவன் தங்கை இருக்கிறாள். படித்துக்கொண்டே கடையில் வேலை பார்க்கிறாள். குடும்பப் பின்னணி தலைவிதி என்று சொல்வேனாயின் அப்பெண்ணை இழிவுபடுத்தியவன் ஆவேன்.

பறிகொடுத்தவர்களையும் நாம் மறக்கலாகாது. அவர்களுள் எத்தனையோ பேர் வாழ்நாள் உழைப்பின் சேமநிதியை ஒரு பிற்பகலில் இழந்த முதியவர்கள். அண்டை நாடான சிங்கப்பூரில் மக்கள் மோசடிகளில் இழந்த தொகை 2023இல் 65 கோடி சிங்கப்பூர் வெள்ளி; 2024இல் அது சுமார் 110 கோடி வெள்ளியாக உயர்ந்தது. அக்கண்ணீருக்குப் பதில் சொல்ல வேண்டியவர்களுள் அட்டையைக் கொடுத்தவனும் ஒருவன். அவனுக்குத் தண்டனை கூடாது என்று நான் சொல்லவில்லை.

நான் சொல்வது வேறு. தண்டனை என்பது தவற்றுக்கு விலை; அது வாழ்வுக்கே முற்றுப்புள்ளி ஆகக்கூடாது. மோரிஸ் தண்டனை பெற்றபின் மீண்டும் படிக்க முடிந்தது. அவர் அறிவை மதித்து ஏற்கப் பல்கலைக்கழகங்கள் இருந்தன. அதனை நான் குறையாகச் சொல்லவில்லை. அதுவே முறை என்கிறேன். அந்த முறை நம் பிள்ளைக்கும் வேண்டும் என்கிறேன். குற்றப் பதிவோடு வெளிவரும் 20 வயதுப் பிள்ளைக்கு வேலை கொடுக்க ஆளில்லை. வங்கிக் கணக்கு திறப்பதும் அரிதாகிறது. ஆலயத் திருவிழாவில் அவனை ஒதுக்கி நிற்க வைக்கிறோம். அவனை மறுபடியும் அழைக்கக் காத்திருப்பவர்கள் யார்? முன்பு அவனிடம் அட்டை கேட்டவர்கள்தாம்.

ஆசிரியர் செய்யத்தக்கவை

இந்நாட்டில் 500க்கும் மேற்பட்ட தமிழ்ப்பள்ளிகள் இருக்கின்றன. அடுக்குமாடியில் கரைந்துபோன லயத்து வரிசைக்கு எஞ்சியிருக்கும் பொதுமுற்றம் அவைதாம். பெற்றோர் கூச்சமின்றித் தம் மொழியில் பேசக்கூடிய அலுவலகமும் பலருக்கு அது ஒன்றே. ஆகவே ஆசிரியப் பெருமக்களிடம் சிலவற்றைக் கேட்கிறேன்.

பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஓர் அறிவுரைச் சொற்பொழிவைக் குறைத்துக்கொண்டு, அந்த ஒரு மணி நேரத்தில் தாய்மார்களின் கையில் உள்ள கைப்பேசியைத் திறக்கச் செய்யுங்கள். வங்கியிலிருந்து வரும் குறுஞ்செய்தியைப் படிக்கக் கற்றுக்கொடுங்கள். அட்டையையும் இரகசிய எண்ணையும் பெற்ற பிள்ளை கேட்டாலும் ஏன் என்று வினவச் சொல்லுங்கள். ஐயத்துக்குரிய கணக்கு எண்ணைக் காவல்துறையின் 'செமாக் மியூல்' தளத்தில் சரிபார்க்கலாம் என்பதையும், மோசடியில் பணத்தை இழந்தோர் உடனே அழைப்பதற்கென 2022 அக்டோபரில் தொடங்கப்பட்ட தேசிய மையத்தின் எண் 997 என்பதையும் கரும்பலகையில் எழுதிப் போடுங்கள்.

ஆறாம் ஆண்டு மாணவனுக்குத் திருடாமை பற்றிச் சொல்லும்போது, தன் பெயரைப் பிறருக்கு இரவல் கொடுப்பதும் திருட்டுக்குத் துணைபோவதே என்று இக்காலத்துக்கேற்பச் சொல்லுங்கள். இடைநிலைப்பள்ளிக்குச் சென்றுவிட்ட பிள்ளை தவறொன்றில் மாட்டிக்கொண்டால் வந்து சொல்வதற்கு ஒரு வாசல் இருக்கட்டும்; முதல் சொல்லாக வசை வராத வாசலாக அது இருக்கட்டும். கணினியில் அளவுக்கு மிஞ்சிய திறமை காட்டும் பிள்ளையைக் கண்டால் ஐயுறாதீர்கள். அத்திறமைக்கு நேரிய களம் தேடிக்கொடுங்கள்.

நம் இயக்கங்களுக்கும் ஒரு வேண்டுகோள். சிறந்த தேர்ச்சி பெற்றவர்களுக்கு மாலை சூட்டி நிதி வழங்குகிறோம், நன்று. அவர்கள் பெரும்பாலும் தாமே கரையேறி விடுவார்கள். தேர்வு எழுதிவிட்டு வீட்டில் காத்திருக்கும் நடுத்தரத் தேர்ச்சிப் பிள்ளையையும், தண்டனை முடிந்து வந்து தலைகுனிந்து நிற்கும் பிள்ளையையும் ஒரு தொழிற்பயிற்சியில் சேர்த்துவிட நம் நிதியில் ஒரு பங்கு ஒதுங்கக்கூடாதா?

மாணவ மணிகளே, உங்களுக்கும் ஒரு சொல். வீட்டைக் காப்பாற்ற வேண்டும் என்னும் உங்கள் எண்ணம் உயர்ந்தது. அவ்வெண்ணத்தைக் குறிவைத்துத்தான் வலை வீசப்படுகிறது என்பதை மறவாதீர்கள். உழைப்பில்லாமல் உங்கள் பெயருக்கு ஒருவன் விலை பேசினால், அவன் வாங்குவது உங்கள் அட்டையை மட்டுமன்று. உங்கள் தாயின் நிம்மதியையும் சேர்த்தே வாங்குகிறான்.

அந்த அம்மையார் அன்று என்னிடம் கேட்டது ஓர் உதவி. நீதிமன்றத்தில் கொடுப்பதற்கு, தம் மகன் பள்ளியில் எப்படி இருந்தான் என்று ஒரு கடிதம் எழுதித் தர முடியுமா என்றார். எழுதிக் கொடுத்தேன். நற்பழக்கம் உடையவன், பெரியோரை மதிப்பவன் என்று எழுதினேன், அத்தனையும் உண்மை. எழுதி முடித்துக் கையொப்பமிடும்போதுதான், ஒரு வாரத்துக்கு முன் தேநீர்க் கோப்பையை வைத்துக்கொண்டு நான் வழங்கிய தீர்ப்பு நினைவுக்கு வந்தது. அக்கடிதத்தையும் அத்தீர்ப்பையும் எழுதியவன் ஒருவனே. இரண்டில் ஒன்றை நான் திரும்பப் பெற்றாக வேண்டும். இக்கட்டுரையின் வாயிலாக அத்தீர்ப்பைத் திரும்பப் பெறுகிறேன். இதனைப் படிக்கும் ஆசிரிய அன்பர்களும் தத்தம் தீர்ப்பை ஒருமுறை எடுத்துப் பார்க்க வேண்டுகிறேன்.